பதினொன்றாவது வீடு

ஆகஸ்ட் 17, புதன்

மதியமே மழை. பண்டமாரானிலிருந்து ஒரு பஸ், கிள்ளானில் இன்னொன்று. வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம். செருப்பெல்லாம் சேறு.

அல்காரிதம் தேர்வுத்தாள் திரும்பி வந்தது. 38. விடைகள் சரிதான், ஏன் சரி என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. டாக்டர் லிம் (இனி டா.லி.) எல்லார் முன்னாலும்: "எக்ஸாம்பிள் இஸ் நாட் ப்ரூஃப் லா, மிஸ் மாலா." முகம் எரிந்தது.

மிச்சம் புராஜெக்ட் ஒன்றுதான். நிஜ வாழ்க்கைச் சிக்கல் ஒன்று, அதைத் தீர்க்கும் வழிமுறை, அது சரி என்பதற்கு நிரூபணம். கடைசி நாள் செப்டம்பர் 2. தேறாவிட்டால் மாஸ்டர்ஸ் படிப்பு இத்தோடு சரி. ஆபீசில் புதன் அரைநாள் விடுப்பு இந்த ஒரு படிப்புத் தவணைக்குத்தான். பிறகு துறைமுகத்தில் கன்டெய்னர் பட்டியல் அச்சடித்தே கிழவியாக வேண்டியதுதான்.

வாங்க: பிரின்டர் ரிப்பன். அம்மாவுக்குக் கால் தைலம்.

ஆகஸ்ட் 18, வியாழன்

வெயில். ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருந்த அம்மா, அண்ணன் கல்யாணப் பத்திரிகைகளுக்குக் காலையிலேயே மஞ்சள் தடவி, முதலாவதைச் சாமிக்கு வைத்துவிட்டாள். கால் வீக்கம், காரில் உட்கார முடியாது. அப்பாவும் இல்லை. வீடு வீடாகப் போய் வைக்க அண்ணனும் நானும்.

"நெருங்கின சொந்தம் பதினோரு வீடு. ஞாயித்துக்கிழமை முடிச்சிருங்க. பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

பதினோரு வீடு! கிள்ளான், கம்போங் மேடான், பிரிக்ஃபீல்ட்ஸ், கேரி தீவு. எந்த வரிசையில் போனால் நேரம் குறைவு? ஒவ்வொரு வரிசையாகச் சரிபார்த்தால் நான்கு கோடி. இரண்டு மூன்று வீடுகளுக்கு விடை கண்டு சேமித்து, அதன்மேல் பெரிதாகக் கட்டினால் இரண்டரை லட்சத்துக்குள் அடங்கும்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது. இதுதான் புராஜெக்ட்.

ஆகஸ்ட் 20, சனி

அண்ணன் லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வீடு எத்தனை நிமிடம் என்று காலையெல்லாம் அவனைக் குடைந்தேன். அறுபத்தாறு எண்கள்.

"பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து கம்போங் மேடான்? ஜாம் இல்லன்னு வெச்சிக்க."

"ஜாம் இல்லன்னா அது பிரிக்ஃபீல்ட்ஸே இல்ல லா."

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எங்கள் வீடு 0, அம்மா பட்டியலில் உள்ளவை 1 முதல் 11. விடை வந்தது: கிள்ளானில் தொடங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் போய், கடைசியாகக் கேரி தீவு, அப்படியே வீடு. அண்ணன் மனதில் போட்ட வழியைவிட ஐம்பது நிமிடம் குறைவு. அவனே வாயைப் பிளந்தான்.

நன்றாகச் சாப்பிட்டேன் இன்று.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

பத்து வீடு அமோகம். பத்து வீட்டிலும் காப்பி.

பதினொன்றாவது, கேரி தீவு. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா. எஸ்டேட்டில் மண்டோர், ஐம்பது பேரை வேலை வாங்குகிறவர். தாம்பாளத்தை நீட்டினோம். அண்ணன் பல்லெல்லாம் தெரிய, "நீங்கதான் மாமா லாஸ்ட்! ஒரே நாள்ல எல்லா வீடும் முடிச்சிட்டோம்!"

மாமாவின் கை பாதியில் நின்றது.

"கடைசியா?"

"அங்க வெச்சிட்டுப் போங்க" என்று ஸ்டூலைக் காட்டினார். பத்திரிகையைக் கையில் வாங்கவே இல்லை.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சாமிக்கு அப்புறம் தாய்மாமன். அவருக்கு வெச்சிட்டுத்தான்டி மத்தவங்களுக்கு! அதுக்குத்தானே அவர் பேரை முதல்ல எழுதினேன்!"

அம்மா எழுதியது வரிசை. நான் அதை வெறும் பதினொரு பெயராக எடுத்துக்கொண்டேன். மாமாதான் எண் 1.

ஆகஸ்ட் 22, திங்கள்

எஸ்டேட் ஆபீசிலிருந்து மாமா போன். "மாப்பிள்ளைய மணவறைக்குக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக வேற ஆள பாத்துக்கச் சொல்லு." வைத்துவிட்டார். அம்மா என்னோடு பேசவில்லை. அண்ணன் பாவம், தன் வாய்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஆபீசில், கம்ப்யூட்டர் தந்த வழியின் அச்சுத்தாளைத் திரும்பப் பார்த்தேன். மாமா வீடு கடைசி, அடுத்தது எங்கள் வீடு. அதே வழியில் தலைகீழாகப் போயிருந்தால்? கூட்டினேன். அதே நிமிடம். சமமாக இரண்டு வழி வந்தால் முதலில் கண்டதை வைத்துக்கொள் என்று புரோகிராமில் எழுதியது நான்தான்.

ஆகஸ்ட் 24, புதன்

வகுப்பு. தூறல். நிரூபணம் எழுதி முடித்துவிட்டேன், ஓட்டை இல்லை. ஆனால் நிரூபித்தது தவறான கேள்வியை. இதைக் கொடுத்தால் டா.லி. பாஸ் போடக்கூடும். கொடுக்க மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 27, சனி

தனியாகக் கேரி தீவு. பையில் அச்சுத்தாள். பத்திரிகை இன்னும் அதே ஸ்டூலில்.

"தப்பு என்னோடது மாமா. அம்மா உங்க பேரைத்தான் முதல்ல எழுதினாங்க. நான்தான் கம்ப்யூட்டர்ல போட்டு மாத்திட்டேன்."

தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலால் வழியைத் தொட்டுக்கொண்டே போனார்.

"இது என் வீடா? அடுத்தது உங்க வீடு. அப்ப இதையே திருப்பி வந்தா என்ன? தூரம் கூடிடுமா?"

"கூடாது மாமா."

"ஒரு மைல்கூட?"

"ஒரு மைல்கூட."

தாளை மடித்தார். "செலவே இல்லாத மரியாதை. அதுகூட தோணலியே புள்ள உனக்கு."

அழுதுவிட்டேன். அத்தை மைலோ கலக்கிக் கொடுத்தாள். வருகிறேன் என்றும் மாமா சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அச்சுத்தாளைத் திருப்பித் தரவில்லை.

ஆகஸ்ட் 31, புதன்

சுதந்திர தின விடுமுறை. தெருவெல்லாம் கொடி. காலையிலிருந்து எழுத்து.

புதிய கேள்வி: ஒரு குறிப்பிட்ட வீடு முதலில் வந்தே ஆக வேண்டும், மீதிக்கு மிகக் குறைந்த வழி எது? அந்த வீடு வழியின் ஏதோ ஒரு முனையில் இருந்தால் செலவு கூடாது, திருப்பினால் போதும். நடுவில் இருந்தால் கூடலாம், எவ்வளவு என்று கணக்கிடலாம். இரண்டுக்கும் நிரூபணம். முதல் பாதி மாமா கேட்ட கேள்விதான்.

செப்டம்பர் 2, வெள்ளி

கொடுத்துவிட்டேன். டா.லி. நடைபாதையில் நின்றபடியே புரட்டினார். "ஒய் மஸ்ட் திஸ் ஹவுஸ் பி ஃபர்ஸ்ட்?"

தாய்மாமன் முறையை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டது. கேட்டுவிட்டுச் சிரித்தார், இந்தத் தவணையில் முதல்முறையாக. "மை அங்கிள் ஆல்சோ லைக் தட்." கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "நவ் திஸ் இஸ் அ ப்ரூஃப். யூ பாஸ் லா. கோ ஹோம்."

பஸ் ஸ்டாப் வரை ஓடினேன். எதற்கென்று தெரியவில்லை, பஸ் வர அரைமணி இருந்தது.

செப்டம்பர் 3, சனி

மேகமூட்டம். நாளை இரண்டாம் சுற்று, சிநேகிதர்கள், ஒன்பது வீடு. புரோகிராமைத் திருத்தி ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஆபீசுக்கே மாமா போன்.

"நாளைக்கும் பத்திரிகை வைக்கப் போறீங்களாமே. பெரியவங்க யாரும் கூட வேணாமா?"

"நீங்க வந்தா நல்லா இருக்கும் மாமா."

"என்னை எத்தனாவதா வந்து ஏத்திக்குவீங்க?"

"உங்க வீட்டுக்கு நம்பரே இல்ல மாமா. புறப்படுறதே அங்கேர்ந்துதான். அப்புறம்தான் ஒண்ணு, ரெண்டு."



"ஏழு மணிக்கு ரெடியா இருப்பேன். உங்கம்மாகிட்ட சொல்லு, மாப்பிள்ளை கைய நான்தான் புடிப்பேன்."

முதலில் கேரி தீவு போவதால் முப்பத்தொரு நிமிடம் கூடுதல். அண்ணனைப் பெட்ரோல் நிரப்பி வைக்கச் சொல்ல வேண்டும்.