பன்னிரண்டு பக்கங்களில் நான் பூசிய நிறம்

அன்புத் தோழிக்கு,

நேற்று பள்ளி நூலகத்துக்குப் புதுப் புத்தகக் கட்டு வந்தது. பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றின் அட்டையில், கன்னத்திலும் கழுத்திலும் வெண்திட்டுகளோடு ஒரு சிறுமி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். என் கை நின்றுவிட்டது. கூட இருந்த டீச்சர், "தலை சுத்துதா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், திருத்தணி நர்சரிப் பள்ளியில் நீயும் நானும் ஒரே வகுப்பைப் பார்த்துக்கொண்டோம். எனக்குப் பாட்டும் கதையும், உனக்கு ஓவியம். உன் உதட்டோரத்திலும் விரல்களிலும் வெண்திட்டு இருந்தது. நீ சேர்ந்த முதல் வாரமே, மோகனா என்ற குழந்தை உன் கையால் பிஸ்கட் வாங்க மாட்டேன் என்று பின்னால் நகர்ந்தது. பத்து நாள் கழித்து, சார்ட் தாளை மடித்து நூலால் தைத்த ஒரு படப்புத்தகத்தோடு வந்தாய்.

பன்னிரண்டு பக்கம். முகத்தில் வெண்திட்டு உள்ள சிறுமி ஒருத்தி மலைப்படி ஏறுகிறாள். வழியில் பூக்காரம்மா, குரங்கு, மொட்டை போட்ட குட்டிப் பையன் என்று எல்லாரும், "இது இன்னா?" என்று கேட்கிறார்கள். "இது என் தோலு" என்கிறாள் ஒவ்வொரு தடவையும். திட்டுகளுக்கு நீ வண்ணம் தீட்டவில்லை. வெறும் தாளை விட்டுவிட்டுச் சுற்றிலும் பழுப்புப் பூசியிருந்தாய். பிள்ளைகள் தினமும் அந்தக் கதையைத்தான் என்னைப் படிக்கச் சொன்னார்கள். "இது என் தோலு" என்று மோகனாதான் முதலில் கத்துவாள். உன் மடியில் உட்கார்ந்துகொண்டு.

மலைக்குச் சாமி கும்பிட வந்த சென்னைப் பதிப்பாளர் ஒருவர், தாளாளருக்குத் தெரிந்தவர், அதைப் பார்த்தார். "போடலாம்மா. முகத்துல அது மட்டும் வேணாம், பிள்ளைங்க பயந்துக்கும். கையில ஒரு கூடையக் குடுத்துட்டா, எல்லாரும் கூடையப் பத்திக் கேக்கட்டும்" என்றார். எங்கள் பிள்ளைகள் பயப்படவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கதை சொன்னவள் என்று என் பெயர் அச்சில் வரும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. "அவகிட்ட நான் பேசறேன் சார்" என்றேன்.

பேசினேன். "அப்போ அவ எதுக்குடி படி ஏறணும்?" என்று கேட்டாய். "எல்லாருக்கும் உன்ன மாதிரி தைரியம் இருக்குமா?" என்றேன், புகழ்வதைப் போல. நீ பிரஷ்ஷைக் கழுவிக் கீழே வைத்தாய்.

"என் கையால அத மூட மாட்டேன். வேணும்னா நீ பண்ணிக்கோ."

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாய்.

பண்ணினேன். உன் பிரஷ்ஷை எடுத்து, உன் பழுப்பையே குழைத்து, பன்னிரண்டு பக்கத்திலும் அவள் முகத்தை நிரப்பினேன். பக்கத்து அறையில் எனக்குப் பதிலாக நீ பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. கூடையும் நானே வரைந்தேன். கோணலாக வந்தது.

அச்சாகி வந்த புத்தகத்தில் உன் கதைக்கு 'கதை' என்று என் பெயர். நீ வரையாத முகத்துக்கு 'ஓவியம்' என்று உன் பெயர். மோகனா பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு உன்னிடம் வந்தாள்.

"டீச்சர், அந்த அக்காவுக்குச் சரியாப் போச்சா?"

"ஆங். புக்குல சரியாப் போச்சு" என்றாய். என் பக்கம் திரும்பவேயில்லை.

அடுத்த வருடம் கனகம்மாசத்திரம் பள்ளிக்கு மாறிப் போனாய். பஸ் நிறுத்தத்தில் எப்போதாவது பார்ப்போம். என் மகனின் காய்ச்சலைக் கேட்பாய், என் இடுப்பு வலியைக் கேட்பாய். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். பஸ் வந்துவிடும். வராத நாளிலும் சொல்லவில்லை. பிறகு காமாலை வந்து, இரண்டே வாரத்தில் நீ போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்த மறுநாள் என்னிடமே தங்கிவிட்ட அந்தத் தையல் புத்தகத்தை எடுத்து, ஈரப் பஞ்சால் முதல் பக்கத்தில் அவள் கன்னத்தைத் துடைத்தேன். நான் பூசியது வந்தது. நீ பூசியதும் சேர்ந்தே வந்தது. மற்றப் பக்கங்களை நான் தொடவில்லை.

ஊரில் இன்றும் என்னைப் 'புக்கு போட்ட டீச்சர்' என்றுதான் சொல்கிறார்கள். இதுவரை ஒருவரிடமும் நான் மறுத்துச் சொன்னதில்லை.