பூண்டு போட்ட தொக்கு

கலசப்பாக்கம்
9 ஜூன் 2025

ரேணுகா அண்ணிக்கு,

என் பிள்ளைக்குக் கோதுமை கொடுத்தது நீங்கள்தான்.

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்க மனம் வரவில்லை.

நேற்று இங்கே அம்மா வீட்டில் ரசத்துக்குத் தாளிக்கப் பெருங்காயத் தூள் டப்பாவை எடுத்தேன். காவ்யாவின் குடலுக்குக் கோதுமை ஆகாது, துளிகூடக் கூடாது என்று வேலூரில் டாக்டர் சொன்னதிலிருந்து எந்தப் பொட்டலத்தைத் தொட்டாலும் அதன் முதுகைப் படித்துவிடுவேன். பெருங்காயத்தை மட்டும் ஒருநாளும் படித்ததில்லை. அதில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது. எறும்பு எழுத்தில் கோதுமை மாவு.

அதே கம்பெனி டப்பாதான் உங்கள் உப்பு ஜாடிக்குப் பின்னாலும் இருந்தது. முன்பு நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் வாங்கி நல்லெண்ணெயில் பொரிப்பீர்கள். பிசின் மாதிரி கையில் ஒட்டும். சரக்கு வருவதில்லை என்று கடைக்காரர் கைவிரித்ததும் தூளுக்கு மாறினீர்கள். தக்காளித் தொக்கு, ரசப்பொடி, மோர்மிளகாய் எல்லாவற்றிலும் அதுதான். காவ்யா தொக்கு இல்லாமல் ஒரு வாய் தயிர்ச்சோறு இறக்கமாட்டாள். நான் சப்பாத்தியை நிறுத்தினேன், பிஸ்கட்டை நிறுத்தினேன், சேமியாவை நிறுத்தினேன். அவள் வயிறு உப்பிக்கொண்டே போனது. ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கவே இல்லை.

அப்போதுதான் என் பையில் இரண்டு பொறை ரொட்டி கிடைத்தது. பஸ்ஸில் பசிக்கு நான் தின்றதில் மிச்சம். உங்கள் தம்பி அதைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் கொட்டினார். “டாக்டர் அவ்ளோ சொல்லியும் திருட்டுத்தனமா துன்னக் குடுத்துகினு கீறே. நீ பெத்தவளா?” அத்தை, “புள்ளைய உட்டுட்டு உங்கம்மா ஊட்டுக்குப் போ. அதுவாவது பொழைக்கட்டும்” என்றார். நீங்கள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றீர்கள்.

என் நம்பரை உங்கள் தம்பி பிளாக் செய்துவிட்டார். உங்களுக்குப் போன் கிடையாது. அதனால் சேவூர் தையற்கடை செல்லியம்மாள் முகவரிக்கு எழுதுகிறேன். டப்பாவை இன்றே எறியுங்கள். தொக்கைக் கொட்டுங்கள். பிறகு உங்கள் தம்பியிடம் நடந்ததைச் சொல்லுங்கள்.

பானுப்ரியா


சேவூர்
15 ஜூன் 2025

அன்பான பானுவுக்கு அண்ணி எழுதுவது,

செல்லியம்மா உன் கடிதத்தைத் தைத்த ஜாக்கெட்டுக்குள் மடித்துக் கொடுத்தாள். கடையிலேயே நின்று படித்தேன். வீட்டுக்கு வந்து டப்பாவைத் தறிக்கூடத்து டியூப்லைட்டின் கீழே பிடித்துப் பார்த்தேன். நீ சொன்னது இருக்கிறது.

சத்தியமாக எனக்குத் தெரியாது பானு. பெருங்காயத்தில் போய் மாவைக் கலப்பார்கள் என்று யார் நினைப்பார்கள்? தூளுக்கு மாறியதை அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. ஒரு பெருங்காயம் வாங்கத் துப்பில்லையா என்பாள்.

தொக்கைச் சாக்கடையில் கொட்டினேன். ஜாடியைச் சுடுதண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். “இன்னாடி, நல்ல தொக்கப் போய்க் கொட்டிட்ட?” என்றாள் அம்மா. பூஞ்சை பூத்துவிட்டது என்றேன். இப்போது பூண்டை எண்ணெயில் சிவக்க வறுத்து, நசுக்கிப் போடுகிறேன். வெந்தயம் கொஞ்சம் கூடுதல். ரசத்துக்கும் அதுதான். மோர்மிளகாயில் ஒன்றும் போடவில்லை. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, “பூண்டு தூக்கலா கீது. உன் கையே மாறிப்போச்சு” என்றாள். காவ்யா விரலை நக்கித் தின்றாள்.

தம்பியிடம் நேரம் பார்த்துச் சொல்கிறேன். அவசரப்படுத்தாதே. நீ எங்கே என்று கேட்டால் குழந்தை, “எங்கம்மா பஸ்ல கீது” என்கிறாள். இன்னும் நீ இறங்கவில்லை என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


கலசப்பாக்கம்
3 ஜூலை 2025

அண்ணிக்கு வணக்கம்.

தொக்கைக் கொட்டியதற்குக் கை எடுத்துக் கும்பிடுகிறேன். தெரியாமல்தான் செய்தீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் நேரம் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்னை மூட்டை கட்டி அனுப்ப அந்த வீட்டில் யாரும் நேரம் பார்க்கவில்லை.

போன வாரம் ஆரணிக்கு வந்தேன். உங்கள் தம்பி பட்டுக்கடையில் சேலைகளைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது மறித்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். “ஊட்ட உட்டுப் போயும் எங்க அக்கா மேல பழி போடறியா? சும்மா பேஜார் பண்ணாத, போ” என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். டாக்டரிடம் போனேன். இருக்கலாம் என்றார். அந்த வீட்டில் யார் எதைப் போட்டுச் சமைத்தார்கள் என்று அவர் எப்படி எழுதித் தருவார்?

நான் சொன்னால் பழி. நீங்கள் சொன்னால் உண்மை. அவ்வளவுதான் அண்ணி வித்தியாசம். சொல்லுங்கள்.

பானு


சேவூர்
20 செப்டம்பர் 2025

அன்பான பானு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. காவ்யா தேறிவிட்டாள். வயிறு வடிந்துவிட்டது. நீ எடுத்த மஞ்சள் கவுன் அக்குளில் பிடிக்கிறது. ரத்தத்தில் அந்த எண் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இதைக் கேட்டு உன் வயிறு குளிரட்டும்.

அடுத்ததை எழுதத்தான் கை வரவில்லை. அம்மா தெருவெல்லாம் சொல்கிறாள்: “பாத்தியா, அவ போனா, புள்ள தேறிடுச்சி.” தம்பி பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறான். நீ குழந்தையைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாயாமே. அவனுடைய வக்கீலுக்கும் அதுதான் போயிருக்கிறது.

இப்போது நான் என்ன சொல்வது? அந்த ஆள் என்னை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த அடுப்படி ஒன்றுதான். படுக்கைகூடத் தறிக்கூடத்தில்தான். இரண்டு பொறைக்கு உன்னைத் துரத்தியவர்கள் என்னை என்ன செய்வார்கள்? துரத்தினால் உனக்கு அம்மா வீடு இருந்தது. இதுதான் பானு என் அம்மா வீடு.

குழந்தையை என் உயிராகப் பார்த்துக்கொள்கிறேன். செல்லியம்மாவும் பயப்படுகிறாள். இனி எழுதாதே.

அண்ணி


கலசப்பாக்கம்
6 அக்டோபர் 2025

அண்ணி,

எழுதத்தான் செய்வேன்.

நான் சொல்லி நீங்கள் நிறுத்தினீர்கள். நிறுத்தியதால் அவள் தேறினாள். அவள் தேறியதால் நான் குற்றவாளி. இதை நாள் முழுக்க எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு யோசனை வந்தது. மறுபடி ஒரு மாதம் அந்தத் தூளைப் போடச் சொல்லலாம், எண் ஏறட்டும், அப்போது தெரியட்டும் என்று. பெற்றவளுக்கு வரும் யோசனையா இது? எழுதிக்கூடப் பார்த்தேன். கிழித்து அடுப்பில் போட்டேன். உங்கள் வீடு என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

உங்கள் கடிதங்களை வக்கீல் பரசுராமனிடம் காட்டினேன். தப்புத்தான். அவர் படித்துவிட்டு, “இத நீயே எழுதிகினேன்னு சொல்லுவாங்கம்மா. பேர்கூட இல்ல, அண்ணின்னு கீது. யாரோட அண்ணி? அந்தம்மா வந்து வாயத் தொறந்தாதான் கேஸ்” என்றார்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களை விட்டுவிட்டுப் போனவனை யாராவது கூடத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்களா? அவன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு வண்டியில் சுற்றுகிறான். நீங்கள் தறிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவர்கள் விரட்டிவிடக் கூடாதே என்று சோறு வடிக்கிறீர்கள். அந்தப் பயத்துக்கு என் பிள்ளையை விலையாகக் கேட்கிறீர்கள்.

நவம்பர் பதினேழாம் தேதி விசாரணை. வந்து சொல்லுங்கள். சொன்னபின் அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். நான் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். தனியாக ஓர் அறை எடுக்கிறேன். மூன்று பேர் படுக்கலாம். நாம் ஒருவருக்கொருவர் போதும்.

பானு


கலசப்பாக்கம்
19 நவம்பர் 2025

அண்ணி,

நீங்கள் வந்திருந்தீர்கள். வராமலே இருந்திருக்கலாம்.

காவ்யா உங்கள் இடுப்பில் இருந்தாள். கன்னம் வைத்திருக்கிறது. முடி அடர்ந்திருக்கிறது. ஆசை தீரப் பார்க்கக்கூட முடியவில்லை. அந்தக் கன்னத்தைத்தான் உங்கள் வக்கீல் ஜட்ஜுக்குக் காட்டினார். தாய் இருந்தபோது இந்த எண், தாய் போனபின் இந்த எண் என்று இரண்டு தாள்களை நீட்டினார். குழந்தைக்கு யார் சமைக்கிறது என்று ஜட்ஜ் கேட்டார். அத்தை முந்திக்கொண்டு, “எம் பொண்ணுதாங்க” என்றார். ஜட்ஜ் உங்களைப் பார்த்து, “நல்லாப் பாத்துக்கிறீங்கம்மா” என்றார்.

அந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறப்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கை கூப்பினீர்கள்.

தீர்ப்பு வரும்வரை பிள்ளை அப்பாவிடமே இருக்கட்டும், அம்மா மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோர்ட் வளாகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. வெளியே வந்ததும் அவளிடம் ஒரு வாழைப்பழத்தை நீட்டினேன். வாழைப்பழம் அண்ணி, வெறும் வாழைப்பழம். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நீ குடுத்தா வயிறு வலிக்கும்னு ஆயா சொல்லிச்சி” என்றாள். உங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது.

பக்கத்தில்தான் நின்றீர்கள். கேட்டீர்கள்.

இனி கோர்ட்டுக்கு வர வேண்டாம். தம்பியிடம் சொல்ல வேண்டாம். உங்கள் அடுப்படி உங்களுக்கே இருக்கட்டும். வீட்டில் யாரும் இல்லாதபோது, சோறு ஊட்டும்போது, அவள் காதில் மட்டும் சொல்லுங்கள்: உங்கம்மா குடுத்து உனக்கு வயிறு வலிக்கல. அவளுக்கு நாலு வயது. நீங்கள் சொன்னால் நம்புவாள். அடுத்த மாதம் அந்தச் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

பானு


கலசப்பாக்கம்
15 டிசம்பர் 2025

அண்ணி,

சனிக்கிழமை அவள் என் கையிலிருந்து தண்ணீர்கூட வாங்கவில்லை.

சொன்னீர்களா, இல்லையா? எழுதுங்கள்.

பானு