உம்மா தேய்த்த துவக்கு

பெப்ரவரி 1, ஞாயிறு

காலையில் தூறல். துணி காயவில்லை. சந்தையில் வாங்க: தேசிக்காய், கருவாடு, உம்மாவுக்கு வெள்ளைச் சீலை இன்னும் ஒன்று.

வாப்பா போன பின் உம்மா அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தா, இது இரண்டாம் மாதம். அறை, வாசலில் திரைச்சீலை, கையில் தஸ்பீஹ். கேட்டால் பதில். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. வாப்பா இல்லாத வீடு எனக்கும் இன்னும் பழகவில்லை.

சம்மாந்துறையில் பெண் எடுத்து அங்கேயே இருக்கும் என் கூடப்பிறந்த காக்கா வந்தார். நாவிதன்வெளி வட்டையில், எங்கள் வயலில், யானையாம். கதிர் முற்றுகிற நேரம். வாப்பாவின் இரட்டைக் குழல் துவக்கு தன் பெயருக்கு வேண்டுமாம். வாப்பா மௌத்தானதைப் பொலிஸில் சொல்லியாயிற்று. பெயர் மாற்றுவதா, ஒப்படைப்பதா, வெள்ளிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

உம்மாவுக்கும் அதே விருப்பம். "அவர்ர சாமான் அவர்ர மகன்ட கையில இரிக்கட்டும்" என்றார். இந்த வாரத்தில் அவராக வாய் திறந்தது இதற்குத்தான்.

வாப்பாவின் வாப்பா வாங்கிய துவக்கு. வயது யாருக்கும் தெரியாது. எனக்குப் பயம். எனக்கு இருப்பது ஒரே ஒரு காக்கா.

பெப்ரவரி 3, செவ்வாய்

பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி திருத்தவில்லை. துவக்கு சாப்பாட்டு மேசையில். உள்ளே தோட்டா இல்லை என்று நான், காக்கா, என் வீட்டுக்காரர் இவர், மூவரும் தனித்தனியே பார்த்தோம். ஒருவர் பார்த்ததை மற்றவர் நம்பவில்லை.

கண்டது: வெளியே தெரியும் இரண்டு சுத்தியல். குழல் வெள்ளைவெளேர். அடியில் முத்திரை, பாதி அழிந்தது. பெயர் இல்லை.

இவர் போனில் படம் பிடித்துத் தேடினார். ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு நாடு வந்தது. கடைசியில் "உருக்குக் குழல்தான், பயமில்ல" என்று தீர்ப்பு. கணக்கு வாத்தியார் தீர்ப்பை நம்பி என் காக்காவை அனுப்ப முடியுமா. பாண்டிருப்பில் ஓர் ஐயா, முன்பு பொலிஸ் துவக்குகள் பழுதுபார்த்தவர். நாளை வருவார்.

பெப்ரவரி 4, புதன்

சுதந்திர தின லீவு. தெருவெல்லாம் கொடி. நல்ல வெயில்.

ஐயா குழலைக் கழற்றி நூலில் தொங்கவிட்டுத் தட்டினார். கிண்ணம்போல் ஓசை. வெடிப்பு இல்லையாம். உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். குழலும் கட்டையும் சேரும் மூட்டு ஆடுகிறதா என்று பார்த்தார். முத்திரையைப் பார்த்து பெல்ஜியம் என்றார். மூன்று தலைமுறையாக இங்கிலீஷ் துவக்கு என்று பெருமையடித்த குடும்பம். காக்காவின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

பிறகு ஐயாவும் இவர் சொன்னதையேதான் சொன்னார்: உருக்குக் குழல், பலம் குறைந்த தோட்டா என்றால் சுடலாம். காக்கா எழுந்தேவிட்டார்.

திரைக்குப் பின்னால் இருந்து உம்மா என்னைக் கூப்பிட்டார். குழலில் பூ இருந்தால் நல்லதா கூடாதா என்று ஐயாவிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். ஐயா கையில் இருந்ததைக் கீழே வைத்தார். என்ன பூ, எங்கே, எப்போது? நடுவில் நின்று அங்கும் இங்கும் சொல்லி எனக்கே விளங்காமல் போனது. இத்தாவிலும் தேவைக்குப் பேசலாம்தானே. உம்மாவே திரைக்குப் பின்னால் இருந்து பேசினார்.

"அவரு என்னக் கல்யாணம் முடிச்சி இந்த ஊட்ட வந்த நேரம் கையோட கொண்டந்தது. குழல் முழுக்கச் சுருள்சுருளாப் பூ. நான் இரும்புல கறள் பிடிச்சிரிக்கி எண்டு நினைச்சன். லைசன்ஸ் புதுப்பிக்கக் கச்சேரிக்குக் காட்டப்போற ஒவ்வொரு வருசமும் கழட்டித் தருவாரு. செங்கட்டித் தூள் போட்டு நான்தான் தேய்ப்பன்."

ஐயா தேசிக்காய் கேட்டார். பாதி வெட்டி அதன் புளியை ஓரிடத்தில் தேய்த்து, ஊறவிட்டு, தேத்தண்ணி குடித்தார். துடைத்ததும் சாம்பல் நிறத்தில் மெல்லிய சுருள்கள்.

இரும்புப் பட்டியையும் உருக்குப் பட்டியையும் முறுக்கிச் சுற்றி அடித்த குழலாம். அந்தக் காலக் கரிமருந்துக்குச் செய்தது. இப்போதைய தோட்டாவுக்குத் தாங்காது. தேய்த்ததில் மெலிந்தும் விட்டது. ஒருநாள் பிளக்கும், அடியில் பிடிக்கிற இடக்கை போகும்.

"இதச் சுடப்படாது தம்பி. உள்ளுக்கு இருக்கிற தங்கச்சி வாய் திறக்காட்டி நான் சரியெண்டு சொல்லிப்போட்டுப் போயிருப்பன்" என்றார்.

காக்காவின் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 5, வியாழன்

மழை இல்லை. உம்மா சாப்பிடவில்லை. சுறாப்புட்டு அவித்தும் தொடவில்லை. பின்னேரம் பக்கத்தில் போய் இருந்தேன். தன் கைகளை மடியில் விரித்து வைத்திருந்தார்.

"எத்தின வருசம் அதத் தூக்கிட்டு வட்டைக்குப் போன மனிசன். கட்டில்ல மௌத்தானாரு. எண்ட கையால போகல்ல. அல்ஹம்துலில்லாஹ்."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம்.

பெப்ரவரி 6, வெள்ளி

துவக்கை ஒப்படைத்தாயிற்று. காக்கா வட்டைக்கு யானை விரட்டும் வெடி வாங்கியிருக்கிறார். ஜும்ஆ முடிந்து இங்கே வந்தார். உம்மா நேற்றுச் சொன்னதைச் சொன்னேன்.

வயற்காரர் தம்பிராசா, போடியார் போடியார் என்று வாப்பாவோடு வருசக்கணக்காக வட்டையில் காவல் இருந்தவர். காக்கா அவருக்குப் போன் எடுத்து, உம்மாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். வாப்பா சுட்டபோது துவக்கு எப்போதாவது கோளாறு செய்ததா என்று கேட்டார். ஒருநாளும் இல்லை என்று அவர் சொல்வார், உம்மாவுக்கு மனம் ஆறும் என்பது காக்காவின் கணக்கு.

தம்பிராசா சிரித்தார்.

"போடியார் எங்க சுட்ட? நான் வந்த நாள்ல இருந்து தோட்டாவே போட்டதில்ல. குழல் தேஞ்சி போய்த்து, ஊட்ட சொல்லிராத, அவ ஆசையாத் தேய்க்கிறா எண்டு சொன்னார். ஆனை வந்தா அத நீட்டிக்கொண்டு நிண்டு கத்துவார். அவ்வளவுதான்."

காக்கா போனை வைத்தார். உம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். வாப்பா சாய்ந்திருக்கும் கதிரைக்கு முன்னால் போய் நின்றார்.

"வெறுந்துவக்கோடயா? ஆனைக்கு முன்னால வெறுந்துவக்கோடயா நிண்டீங்க?"

அஸர் பாங்கு சொல்லும் வரை ஏசினார். புத்தி இல்லையா, பிள்ளைகள் நினைவு இல்லையா, தேய்க்காதே என்று ஒரு சொல் சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா. காக்கா தடுக்கப் போனார். நான் அவர் சேர்ட்டின் நுனியைப் பிடித்து இழுத்து இருத்தினேன். அது அவர்கள் இரண்டு பேர் கதை.