முரசறையாத மகிழ்ச்சி

நன்மை தழைக்க! நீரும் நெல்லும் நீதியும் குன்றாத தென்கரை நாட்டின் திருமுடி தாங்கியவரும், சொல்லைச் சுருக்கிப் பொருளைப் பெருக்குபவருமான ஆதிரைப் பிராட்டியாரின் திருமுன்னர், வடகரை வேந்தர் பரிதிக்கோமானின் ஓலைநாயகம் நம்பிக்கூத்தன் வணங்கி எழுதுவது. தங்கள் அரண்மனைச் சுற்றமும் கரையோரக் குடிகளும் கன்று காலிகளும் நலமே வாழ்க. இங்கு யாவரும் நலம். எம் அரசரின் நலத்தைச் சொல்லவே இவ்வோலை.

அரசர் மணம் வேண்டி விடுத்த தூதுக்குத் தாங்கள் ஒரே வரியில் மறுமொழி அருளினீர்கள். பிறர்க்கு வழங்கியது போதும், மன்னர் தமக்கென ஒரு பரிசில் தேடிக்கொள்ளட்டும், அதன்பின் எம் விடை கிட்டும் என்பது அவ்வரி.

அதன் காரணம் இப்போதுதான் எமக்குப் புரிகிறது. எம் நாட்டில் அரசர் நகைத்தால் உவகை முரசு ஒலிக்கும், கடைகள் அடைபடும், நகைக்க வைத்தவர் கொடை பெறுவார். ஆகவே விடிந்ததும் விகடக்காரர்கள் வாயிலில் வந்து நிற்பார்கள். குடிகளுக்கு விடுமுறை கிடைக்கட்டுமே என்று அரசரும் புளித்துப்போன விகடத்துக்கெல்லாம் சிரித்துவைப்பார். முரசு ஓய்ந்ததும் அவர் முகம் வாடுவதைத் தாங்கள் விருந்தாக வந்தபோதே கண்டுகொண்டீர்கள். அருகிலிருந்த நாங்கள்தாம் காணவில்லை.

தங்கள் வரி அவையில் வாசிக்கப்பட்டது. கொடையைக் கொடை என்றே சொல்லிப் பழகிய ஆற்றங்கரைக்காரர்களுக்குப் பரிசில் என்றால் மூங்கில் பின்னித் தோல் போர்த்திய வட்ட ஓடந்தான். மன்னர் தாமே ஓடம் செலுத்தி ஆறு கடந்து வரவேண்டும் என்று பிராட்டியார் விதித்ததாகவே கொண்டு, அவை முழுதும் ஒருமுகமாகத் தலையாட்டியது.

அரசர் துடுப்பெடுத்தார். ஓடம் போகவில்லை, நின்ற இடத்திலேயே சுழன்றது. உடனிருந்த எமக்கு வடக்கு எது தெற்கு எது என்பது மறந்தே போயிற்று. அரசர் போட்ட கூச்சலைச் சிரிப்பென்று எண்ணிய முரசறைவார் பொன்னாண்டார் கரையிலிருந்து முழக்கிவிட, கடைகளை அடைத்துக்கொண்டு ஊரே ஓடிவந்து, வேந்தர் பம்பரமாய்ச் சுற்றும் காட்சியைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தது. நனைந்த ஆடையோடு அரண்மனை புகுந்தவர் கதவைத் தாழிட்டுக்கொண்டார். ஓடம் அடுப்பெரிக்கத்தான் போகும் என்று நாங்கள் முடிவுகட்டினோம்.

மறுநாட் காலையில் விகடக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அரசர் எமக்கு முன்னே துறையில் நின்றார். அதற்கடுத்த காலையும் நின்றார். எங்கே துடுப்பை அழுத்துவது, எப்போது நீரின் போக்குக்கு விட்டுக்கொடுப்பது என்பது மெல்லக் கைக்குப் பிடிபட்டது. குறை சொன்னால் சினக்கும் பழக்கமுடையவர், இன்று எங்கே கோணியது என்று தாமே கேட்கலானார். அந்தப் பழக்கம் அவைக்கும் வந்தது. பாதி வழக்கிலேயே தீர்ப்புரைத்தவர் இப்போது முழுவதும் கேட்டபின்பே வாய் திறக்கிறார்.

இந்நாட்களில் அரசர் உரக்கச் சிரித்தாரில்லை. ஆயின் நடக்கும்போதும் உண்ணும்போதும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முணுமுணுப்புக்கு முரசுண்டா என்று பொன்னாண்டார் வந்து கேட்டார். அரசரே உரைத்தார்: பிறர் கொண்டுவந்த மகிழ்ச்சி அவர்களோடே புறப்பட்டுவிடுகிறது, நேற்று முடியாதது இன்று சிறிதே முடிந்ததில் வரும் மகிழ்ச்சியோ உறங்கி எழுந்தாலும் உடனிருக்கிறது, அதற்கு முரசெதற்கு என்று.

நேற்றுத் தங்கள் தூதுவர் வந்து, பிராட்டியார் சொன்ன பரிசில் ஓடமன்று, உள்ளத்துக்கான கொடை என்று விளக்கியபோது அவையே தலைகுனிந்தது. அரசர் மட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பொன்னாண்டார் கோலை ஓங்கினார். அரசர் கையமர்த்தித் தடுத்தார். தேடச் சொன்ன பரிசிலும் கிடைத்துவிட்டது, தேடிப்போன ஓடமும் கைவசமிருக்கிறது, இனி இதை ஏன் கரையில் கட்டிப்போட வேண்டும் என்றார்.

பிராட்டியார் மறுத்தாலும் மறுநாள் துடுப்பெடுப்பேன், ஆனால் மறுத்துவிடலாகாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பதையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னார், எழுதிவிட்டோம்.

இனி எம் அரசரின் ஆணை. பிராட்டியார் இசைந்தாலும் மறுத்தாலும் வடகரையில் முரசறையலாகாது. வேண்டியவர் தத்தம் வீட்டில் சிரித்துக்கொள்க. முத்திரை மோதிரம் துடுப்புப் பிடிக்க இடையூறென்று அரசர் கழற்றித் தந்ததால், அவர் சொற்படி யாமே இலச்சினை பதித்தோம். ஆறும் கரையும் உள்ளளவும் இவ்வுரை நிற்க.

ஓலை ஈரமாயிருப்பின் பொறுத்தருள்க. இதைக் கொணர்ந்து தங்கள்முன் சொட்டச் சொட்ட நிற்பவர் தூதுவர் அல்லர். முதலில் துவட்டிக்கொள்ளத் துணி தந்தருள்க; விடையைப் பிறகு சொல்லலாம்.