சோத்தாங்கைப் பக்கம்

வெள்ளிக்கிழமை, புக்கிட் செந்தோசா

தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளையின் முகமே கண்ணில் நிற்கிறது.

பாலர் வகுப்புக்கு வந்திருக்கும் ரோபோ வண்டியில் திரை கிடையாது. பிள்ளைகள் அதைத் தாங்களே பாகம் பாகமாகப் பூட்டி, முதுகில் வண்ண அட்டைகளைச் செருகினால் அந்த வரிசைப்படி ஓடும். ஆறு வயதில் வலது இடது குழம்பும் என்று, சோறு சாப்பிடும் கையை அடையாளமாக வைத்து நான்தான் சுலபமாக்கினேன்: "சிவப்பு போட்டா சோத்தாங்கைப் பக்கம் திரும்பும், நீலம் போட்டா மத்த பக்கம்."

புதிதாகச் சேர்ந்த கவினா மட்டும் தப்பாகவே செருகினாள். வண்டி இடப்பக்கம் இருக்கும் பொம்மை வீட்டுக்குப் போக வேண்டும். அவள் சிவப்பைச் செருகினாள். அது வலப்பக்கம் திரும்பி மேசையிலிருந்து விழுந்தது. மறுபடியும் சிவப்பு, மறுபடியும் விழுந்தது. "சொன்னா காதுல ஏறாதா?" என்று கத்திவிட்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில்தான் பார்த்தேன். கவினா இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதைத்தான் அவள் அப்படியே செய்திருக்கிறாள்.

நான் பார்ப்பது தெரிந்ததும் அந்தக் கையைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டாள். வலது கையால் அள்ளினாள். பாதிச் சோறு மடியில் கொட்டியது.

"நான் இந்தக் கையிலயே பழகிக்கிறேன் டீச்சர். அப்பதான் வண்டி விழாதுலா."

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்குக் கூட்டிப்போகும் வேன் வாசலில் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள்.

நாளை சனி. மறுநாளும் பள்ளி இல்லை. வீட்டில் எந்தக் கையால் சாப்பிடுகிறாளோ.