ஸ்டியரிங் எனக்கு, ஆக்ஸிலேட்டர் அவருக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம் அம்மா, நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அதனால்தான் கடிதம். சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று, மாடிவீட்டுக்காரர்கள் காலிசெய்துவிட்டார்கள், உன் அம்மாவின் முழங்கால் வலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

நீ விட்டுவிட்டுப் போன, கையில் பிடித்து விளையாடும் அந்த கேம் பெட்டியை நான் டயாலிசிஸுக்கு எடுத்துப் போகிறேன் என்று சொன்னபோது சிரித்தாய் அல்லவா, முழுக் கதையை நான் உன்னிடம் சொல்லவில்லை. எனக்கு ஊசி இடது கையில், வலது கை மட்டும்தான் சும்மா இருக்கும், ஒற்றைக் கையால் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது. என் வலப்பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர், இடக்கைப் பழக்கம் உள்ளவர், அதனால் அவருக்கு ஊசி வலது கையில். ஒருநாள் அவரே, "அந்தப் பக்கத்த நீங்க பிடிங்க, இந்தப் பக்கத்த நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். பெட்டி இரண்டு நாற்காலிக்கும் நடுவில். கார் பந்தயத்தில் வண்டியைத் திருப்பும் பட்டன் என் பக்கம் வந்துவிட்டது, ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் அவர் பக்கம். காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்கு ஸ்டியரிங் இல்லை, சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாத எனக்கு அது. முதலில் எல்லாம் சுவரில்தான் மோதிக்கொண்டிருந்தோம். "பிரேக் என்கிட்டதான் இருக்கு, பயப்படாம திருப்புங்க" என்பார். நாங்கள் போடும் சத்தத்துக்கு நர்ஸ் வந்து, இங்கே வைத்தியம் நடக்கிறதா கூத்து நடக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒரு ரோட்டில் ஜெயித்தால்தான் அடுத்த ரோடு திறக்கும், அப்படியே கடற்கரை ரோடு, சுரங்க ரோடு எல்லாம் தாண்டிவிட்டோம், மலை ரோடு ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் பெட்டி மக்கர் செய்தது. மெமரி கார்டைப் படிக்க முடியவில்லை என்று வரும், கழற்றி மாட்டினால் ஓடும், மறுபடி நின்றுவிடும். கடைசியில் கார்டை ஃபார்மேட் செய்யட்டுமா என்று பெட்டியே கேட்டது, நான் சரி என்று அமுக்கப் போனேன், டிரைவர் என் கையைப் பிடித்துவிட்டார். "யெஸ் மட்டும் குடுத்துடாதீங்க, ஓட்டினது அத்தனையும் போயிடும்" என்றார். மறுநாள் செல்போன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தக் கடைக்காரம்மா கார்டின் முனைகளைத் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, "இது போலி கார்டு சார், மேல போட்டிருக்கிற அளவுல கால்வாசிகூட உள்ள இல்ல, அது நிறைஞ்சதும் எழுதினது மேலயே எழுதி எல்லாத்தையும் கெடுத்திருக்கு" என்றாள். விட்டுவிட்டுப் போங்கள், வருகிறதை எல்லாம் எடுத்துவைத்துவிட்டு நல்ல கார்டை இந்தப் பெட்டியிலேயே ஃபார்மேட் செய்து அதில் ஏற்றித் தருகிறேன் என்றாள். எங்கள் பந்தயம் பிழைத்துவிட்டது, உன் பழைய ஆட்டங்கள் பலவும் பிழைக்கவில்லை, வருத்தப்படாதே.

பெட்டி கடையில் இருந்தபோது நாங்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தோம். அவருக்கு அன்று முகமெல்லாம் வீங்கி மூச்சு இழுத்தது. வெளியூரில் இருக்கும் மகனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவன்கிட்ட எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன், பாவம், வந்து என்ன பண்ணப் போறான்" என்றார். சொல்லும்போது அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. நானும் சரிதான் என்று தலையாட்டினேன், ஏனென்றால் நம் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை சரிசெய்த பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவர் நாற்காலியில் புதுத்துணி விரித்திருந்தது. நர்ஸ் ஊசி போடும்போது என் முகத்தைப் பார்க்காமலே, "டிரைவர் ஐயா முந்தாநாள் வீட்லயே போயிட்டார்" என்றாள். மகனால் வந்து அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடிந்ததாம், பேச முடியவில்லை. நான் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். கார்டு ஒழுங்காகப் படித்தது, மலை ரோடு வந்தது. என் கையில் திருப்பும் பட்டன் மட்டும்தானே இருக்கிறது, மற்ற வண்டிகள் எல்லாம் போய்விட்டன, எங்கள் வண்டி கிளம்பின இடத்திலேயே நின்றது. அணைத்துப் பையில் வைத்துவிட்டேன்.

இப்போது உன் அம்மா எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுதுகிறேன். நீ எனக்குக் கிட்னி கொடுப்பதற்காக உனக்குச் செய்ய வேண்டிய பரிசோதனை தள்ளிப் போயிருப்பதாக அவள் சொன்னாளே, அது அப்படி இல்லை. என் இதயம் இந்த ஆபரேஷனைத் தாங்காது, யார் கிட்னி கொடுத்தாலும் வைக்க முடியாது என்று பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். இனி இந்த மெஷின்தான், அதுவும் இதயம் ஒத்துழைக்கிற வரைக்கும்தான். எத்தனை நாள் என்று கேட்டேன், அவர் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். நீ எனக்காக உடம்பைக் குறைத்து, பழக்கங்களை மாற்றிக்கொண்டு, வேலையை விடவும் தயாராக இருக்கிறாய் என்று தெரிந்தபின் இதை மறைத்துவைப்பது நியாயம் இல்லை. அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதே, அவள் உன்னிடம் சொல்லாமல் இருந்தால் அது நடக்காமல் போய்விடும் என்று நினைக்கிறாள். வேலையை விடாதே, லீவு போடு. கொடுப்பதற்கு எதுவும் கொண்டுவர வேண்டாம், சும்மா வா. நான் உட்கார்ந்து உன்னோடு பேசுகிற மாதிரி இருக்கும்போதே வா.

நீ நீண்ட ஆயுளோடும் நோய்நொடி இல்லாமலும் இருக்க வேண்டும், என் பங்கையும் சேர்த்து. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நான் மெஷினில் இருக்கும் காலை நேரங்களில் உன் அம்மா வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள், அப்போது போன் செய். என்னைப் பற்றிக் கேட்காதே, அவள் சாப்பிட்டாளா என்று கேள்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா