ஜோதி இரும்பு தூக்குவாள்

திருக்கழுக்குன்றம்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜெயக்குமாருக்கு அம்மா எழுதுவது,

பெருமாள் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் ஜோதியும் சுகமாக இருக்கிறோம். நீயும் தோஹாவில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல், தலைவலி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் கேட்கிறேன். நான் வாயைத் திறந்தால் சிக்னல் இல்லை என்கிறாய், மேனேஜர் கூப்பிடுகிறார் என்கிறாய், போன செவ்வாய்க்கிழமை பாதிப் பேச்சில் கட் பண்ணியும் விட்டாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது பார். உன் கம்பெனியில் வேலை செய்கிற கோவளத்து சாலமோன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறானாம், அவன் கையில் இதையும் ஒரு டப்பா எள்ளுருண்டையும் கொடுத்தனுப்புகிறேன். உருண்டையில் கை வைப்பதற்கு முன்னால் இதைப் படித்து முடி.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஏரி முக்கால்வாசி ரொம்பிவிட்டது, நடவு முடிந்தது. அப்பா வேனுக்குப் பின் டயர் இரண்டையும் மாற்றிவிட்டார். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களுக்குக் கல் ஏற்றிப் போவதால் இடுப்புவலி என்று ராத்திரி முனகுகிறார், டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் வலி போய்விடுகிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை ஜோதி பளுதூக்கும் பயிற்சிக்குப் போய் இரும்பு தூக்குவதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பொங்கலுக்கு ஊருக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். அவள் நிறுத்த மாட்டாள். நிறுத்த நான் விட மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், மீதியை நீ நிதானமாகப் படிக்கலாம்.

உன் சித்தப்பா தீனதயாளன் உனக்குப் போன் போட்டு, பெண் இரும்பைத் தூக்கித் தூக்கி மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். விழுந்தது உண்மை. அன்றைக்கு என்ன நாள் என்று அவர் சொன்னாரா? புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், படையல் போட்டுக் கற்பூரம் காட்டுகிற வரைக்கும் யாரும் பல்லில் தண்ணீர்கூடப் படவிடக்கூடாது. ஜோதி சின்னவளாக இருந்தபோது நான் யாருக்கும் தெரியாமல் ஒரு வாழைப்பழத்தை அவள் கையில் திணிப்பேன். சனிக்கிழமை மட்டும் பயிற்சி காலையில், இந்த வருஷமும் அவள் கிளம்பும்போது நீட்டினேன், வேண்டாம் என்றுவிட்டாள். ‘நான் துன்னது தெரிஞ்சா சித்தப்பா அதுக்கும் அந்த இரும்பத்தான்மா சொல்லுவாரு’ என்றாள். யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்று வெறும் வயிற்றோடு போய்த் தூக்கிவிட்டு வந்து, மாவிளக்குக்கு மாவு இடித்து, தண்ணீர் எடுத்து, வாசல் கழுவி விட்டாள். ஆண்கள் நாமம் போட்டுக்கொண்டு, சொம்பை எடுத்துக்கொண்டு, கோவிந்தா சொல்லி அரிசி வாங்கப் போனார்கள். மேலத் தெருவிலும் கூப்பிட்டார்கள் என்று அங்கேயும் போய், மோர் குடித்துவிட்டு வந்தார்களாம். நல்லது. அந்த அரிசியை ஆக்கிப் படைத்து முடிக்க மூன்று மணி தாண்டிவிட்டது. அதற்கப்புறமாவது பெண்ணுக்கு ஒரு வாய் கிடைத்ததா? முதல் பந்தி ஆண்கள், பரிமாறுகிறவள் ஜோதி. சாம்பார் வாளியோடு சித்தப்பா இலைக்கு வந்தவள் அப்படியே சரிந்தாள். வாளி அவர் மடியில் கவிழ்ந்தது. புது வேட்டி. அந்தக் கறை போகாததுதான் அவருக்கு இன்றுவரை ஆறவில்லை என்று நான் சொல்வேன்.

தண்ணீர் தெளித்து அவள் கண்ணைத் திறப்பதற்குள் ஊர் முழுக்க வைத்தியர்களாகிவிட்டார்கள். ‘இன்னாத்துக்கு அக்கா பொட்டப் புள்ளய இரும்பு தூக்க வுட்டுகினு கீற, கர்ப்பப்பை எறங்கிடும்’ என்றாள் உன் சித்தி. வளர்த்தி நின்றுவிடும் என்றார்கள், தோள் ஆம்பளை மாதிரி ஆகிவிட்டால் எவன் கட்டுவான் என்றார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட நீ எப்போது சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை ஜெயா. எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் இந்தக் காகிதத்தில் அடங்காது. நான் நிறைமாதமாக இருந்தபோது களத்தில் நெல் மூட்டைக்கு ஒரு பக்கம் பிடித்தேன், இதே சித்தப்பா மறுபக்கம் பிடித்தார். இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாகக் குடம் சுமந்தேன், வைக்கோல் கட்டு சுமந்தேன், உன்னையும் சுமந்துகொண்டு உரலில் இடித்தேன். அப்போதெல்லாம் இவர்கள் யாருக்கும் என் கர்ப்பப்பை ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டு வேலைக்குத் தூக்கினால் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது, தனக்காகத் தூக்கினால்தான் எல்லாம் இறங்கிவிடுமா?

மறுநாள் காலை செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியே கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்பதுதான். பதிலைக் கேட்டுவிட்டு ஜோதியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று மாத்திரை எழுதினார். நான் நேராகவே கேட்டேன், இரும்பு தூக்கலாமா கூடாதா என்று. பக்கத்தில் சொல்லித்தர ஆள் இருக்கிறதா, ஒழுங்காகத் தூக்க முடிகிற எடைதானா என்று ஜோதியை விசாரித்துவிட்டு, தாராளமாகச் செய்யட்டும், வளர்த்தியும் நிற்காது, ஒன்றும் இறங்காது, இந்த வயதில் எலும்புக்கு நல்லதுதான், ஆனால் தூக்குகிற உடம்புக்குச் சோறு போட வேண்டும், பட்டினி கிடந்தால் தண்ணீர்க் குடத்தோடும் விழத்தான் விழுவாள் என்றார். அந்த வார்த்தையை அப்படியே கொண்டுவந்து சித்தப்பா காதில் போட்டேன். ‘டாக்டருக்கு இன்னா தெரியும்’ என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

நீ நினைக்கிற மாதிரி அங்கே ஒன்றும் கண்மண் தெரியாமல் தூக்க விடுவதில்லை. அவள் பள்ளிக்கூடத்து மார்கரெட் டீச்சர் முதல் மாதம் முழுக்க வெறும் மூங்கில் கழியைத்தான் கையில் கொடுத்தார். உட்கார்ந்து எழுவது, முதுகை நேராக வைப்பது, மூச்சு விடுவது, அவ்வளவுதான். ஜோதி சலித்துக்கொண்டு வந்து என்னிடம் புலம்பினாள். அப்புறம்தான் வெறும் கம்பி, அதற்கப்புறம்தான் சின்னச் சின்ன எடை வட்டு. முதுகு கொஞ்சம் வளைந்தால் போதும், எடையைக் குறைத்துவிடுவார். வாரத்தில் மூன்று நாள்தான், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. நன்றாகத் தூங்க வேண்டும், தூக்கத்தில்தான் சதை வளர்கிறதாம், அதனால் பத்து மணிக்கு மேல் போன் என் தலையணைக்கு அடியில். சதை ஏற்றுகிற புரோட்டீன் டப்பா மாவு எதுவும் வேண்டாம், முதலில் வீட்டுச் சோற்றை ஒழுங்காகச் சாப்பிடு என்று சொல்லிவிட்டார். எனவே நீ சாலமோனிடம் கொடுத்தனுப்பப் பார்த்த அந்தப் பெரிய டப்பாவை நீயே வைத்துக்கொள். ஆமாம், அதுவும் எனக்குத் தெரியும், தங்கை கேட்டதும் வாங்கிவிட்டு அப்புறம் சித்தப்பா பேச்சைக் கேட்டு மனசு மாறியவன் நீ. இங்கே காலையில் கேழ்வரகுக் கூழும் முட்டையும் கொடுக்கிறேன். பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் வாழைப்பழமும் வேர்க்கடலையும். ராத்திரி சோறு, பருப்பு, கீரை, கடைசியில் தயிர். மீன்காரம்மா வந்தால் நெத்திலியோ சங்கராவோ வாங்குகிறேன். சோற்றைக் குறைக்கிறேன் என்று நடுவில் ஒரு நாள் ஆரம்பித்தாள், போனில் யாரோ சொன்னார்களாம். தட்டிலேயே இன்னொரு கரண்டி போட்டு, அதைத் தின்றுவிட்டு அப்புறம் பேசு என்றேன்.

உன் கதையையும் கொஞ்சம் நினைத்துப் பார். ப்ளஸ் டூ படிக்கும்போது உன் கூட்டாளி ஜான்சனோடு சேர்ந்து ஜிம்முக்குப் போனாயே. எவனிடமும் கேட்காமல் முதல் வாரமே அவனோடு போட்டி போட்டுத் தூக்கி, தோள் பிடித்துக்கொண்டு கையைத் தலைக்கு மேல் கொண்டுபோக முடியாமல் கிடந்தாய். சட்டை மாட்டிவிட்டது நான், சோறு ஊட்டியது நான், எண்ணெய் தேய்த்தது அப்பா. அப்போது யாராவது இரும்பைத் திட்டினார்களா? ஆம்பளைப் பிள்ளை, அப்படித்தான் இருப்பான் என்றார்கள். தினமும் முட்டையை அவித்து வெள்ளையை உனக்கு உரித்து வைத்தேன், மஞ்சள் கருவை ஜோதி தின்றாள். நல்லவேளை, அதுதான் இப்போது தூக்குகிறது. நீ போன வாரம் அனுப்பிய போட்டோவில் சட்டைப் பித்தான் வயிற்றில் விண்ணென்று நிற்கிறது. ரூமில் உட்கார்ந்து குளிர்பானம் குடிப்பதை விட்டுவிட்டு நீயும் காலையில் நாலு முறை உட்கார்ந்து எழுந்திரு. எப்படி என்று தங்கையைக் கேள், வீடியோவில் காட்டுவாள். அவளிடம் கேட்பதில் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது வீட்டில் நடக்கிற சண்டைக்கு வருகிறேன், சித்தப்பா இதையும் சொல்லியிருப்பார். பயிற்சி முடிந்து ஜோதி வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிறது. வந்ததும் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்று டீச்சரும் சொன்னார், டாக்டரம்மாவும் சொன்னார். அப்பா நியூஸ் பார்த்து முடித்து உட்கார ஒன்பது ஆகும், அதற்கப்புறம் தானே நாங்கள். அதுவரை அவளைக் காக்க வைக்க மாட்டேன் என்று முடிவு பண்ணினேன். உலை வடித்ததும் முதல் கரண்டி அவளுக்கு. முதல் நாள் சித்தப்பா இங்கேதான் இருந்தார். ‘ஆம்பள துன்றதுக்கு முன்னாடி பானைய தொறந்து பொட்டப் புள்ளைக்குப் போடுற, வூடு வெளங்குமா’ என்று கத்தினார். பானை என்னுடையது, கரண்டி என் கையில் இருக்கிறது என்றேன். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் வேனிலிருந்து இறங்கும்போதே, ‘புள்ள துன்ட்டாளா’ என்று கேட்டார். அடுத்த வாரம் வாசலில் அவளை நிறுத்தி வைத்து, கல்லை எப்படித் தூக்கினால் இடுப்பில் பிடிக்காது என்று கேட்டுக்கொண்டிருந்தார். ‘குனியாத நைனா, முட்டிய மடக்கு’ என்று அவள் அதட்டுகிறாள், மனுஷன் மடக்குகிறார். நான் உள்ளேயிருந்து சிரித்தேன்.

ஒரு நாள் ஜோதி தட்டோடு உட்கார்ந்தவள், ‘நீயும் உக்காரும்மா, தனியா துன்ன புடிக்கல’ என்றாள். அப்பா இன்னும் சாப்பிடவில்லையே என்றேன். ‘பசிச்சா வருவாரு’ என்றாள். சும்மா உட்கார்ந்தேன், அவளே போட்டாள். நெத்திலிக் குழம்பு ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தேன், நாக்கு சுட்டுவிட்டது. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து எத்தனை உலை வைத்திருப்பேன் ஜெயா, என் சோறு என் நாக்கைச் சுட்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. காரம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். உள்ளே வந்த அப்பா எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் கால் பரபரத்தது, இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. அவரே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பாதியைக் கீழே சிந்திப் பாதியைத் தட்டில் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. போவாள், நானும் கூடப் போகிறேன். ஜெயித்தால் சந்தோஷம், தோற்றாலும் புதன்கிழமை பயிற்சிக்குப் போவாள். நீ பொங்கலுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். நீ வராவிட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அதைச் சொல்லி உன்னைக் கூப்பிட மாட்டேன். அதற்காக அவளை நிறுத்தவும் மாட்டேன். பெற்றது இரண்டு பேரை.

நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட ஆயுளோடு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். அப்பா ஆசி சொல்லச் சொன்னார். சாலமோனுக்கும் இரண்டு உருண்டை கொடு, எல்லாவற்றையும் நீயே தின்றுவிடாதே. டிக்கெட் போட்டால் எனக்கு முன்னால் தங்கைக்குச் சொல், அவள்தான் தினமும் கேட்கிறாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பொங்கலன்று நாலு தட்டும் ஒன்றாகத்தான் வைப்பேன். நீ குளித்துவிட்டு, போன் பேசிவிட்டு மெதுவாக வருவதானால் வா, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். சோற்றை ஆறவிட்டு யாருக்காகவும் காத்திருக்க இனி என்னால் முடியாது.

என்றும் உன் நலத்தையே நினைக்கும் அம்மா,
கோ. வசந்தா